உச்சந்தலை வாசம்

என் மகன் பிறந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு வருஷத்தில் "விசேஷம் ஏதும் உண்டா" என்று எங்களைக் கேட்காதவை எங்கள் தெருவில் திரியும் இரண்டு நாய்கள் மட்டும்தான். ஆகவே ஈப்போ மருத்துவமனையில் மிஸ்ஸி ஒருவர் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, உடைந்து அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஆனால் அழுகை வரவில்லை. கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ எண்ணூறு இருக்குமா?" என்று கேட்டேன். ரெண்டு எழுநூற்று எண்பது என்றார் அவர், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி.

தொழில் புத்தி. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் நான். இருபது வருஷமாக அதே வேலை. ஒரு மோட்டார் நிற்கப் போகிறது என்றால் அது நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். அது பெரும்பாலும் உண்மையும்கூட. புதுப் பையன்கள் யாராவது இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிற பரிசோதனையில், என் மகனின் இரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருப்பது தெரிந்திருக்கிறது என்றார். ஜி-சிக்ஸ்-பி-டி என்று பெயர் சொன்னார். இந்தக் குறையோடு நூறு வயதுவரை நன்றாக வாழலாம், ஆனால் சில பொருள்கள் மட்டும் கிட்டே வரக் கூடாது. வந்தால் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை ஏறும், பிறந்த குழந்தைக்கு அது எல்லை மீறினால் மூளையைத் தாக்கும் என்றார். பிறகு ஒரு தாளை என் கையில் கொடுத்தார். சில மருந்துகள், சில மூலிகைகள், ஒரு வகை மொச்சை. கடைசியில் பாச்சை உருண்டை. அலமாரியில் துணிக்கு நடுவே போடுவோமே, அந்த வெள்ளை உருண்டை. குழந்தை அதை வாயில் போட வேண்டியதில்லை, அதன் வாசம் ஏறிய துணியே போதும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன்.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மனைவியும் குழந்தையும் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். அதற்குள் நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கரப்பான் வராமலிருக்கக் குளியலறை ஓட்டையில் ஒன்று, கை கழுவும் தொட்டியில் ஒன்று, அலமாரியில் நாலைந்து என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பிடி உருண்டை இருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தொழிற்சாலைக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டேன். துணிகளை மூன்று தண்ணீரில் அலசினேன். அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் போய், உங்கள் பின்பக்கக் கால்வாய் மூடிக்கு அடியில் இருக்கும் உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். "உன் பிள்ளை பிறந்து மூணு நாள்தான், அதுக்குள்ள என் கால்வாயையும் ஆட்சி செய்யுது லா," என்றார் மலாயில். தாளைப் பனிப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்கார அப்பன் இந்தப் பேரா மாநிலத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவியின் அம்மா கால் முறிந்து லூமுட்டில் படுக்கையில் இருந்ததால் பிள்ளைப்பேறு பார்க்க வேறு ஆளில்லை. நானே பார்க்கிறேன் என்றேன். தகப்பனுக்குச் சட்டப்படி கிடைக்கும் ஏழு நாளோடு நான் சேர்த்து வைத்திருந்த வருட விடுப்பையும் எடுத்துக்கொண்டேன். பூண்டை வதக்கவும் வெந்நீர் விளாவவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் கற்றேன். மனைவி கட்டிலில் சாய்ந்துகொண்டு, "மெதுவா, அது இஞ்சின் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்த நாள்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதுவரை எதையும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அவன் நகங்களை முதலில் பார்த்தேன். வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, வெட்டும் அளவுக்கு வந்திருந்தன. யார் வளர்த்தார்கள்? அந்த இருட்டில் அவனுக்கு நகம் எதற்கு? மூடிய கையைப் பிரித்தால் உள்ளங்கை ரேகையில் பஞ்சுத் தூசி திரண்டிருக்கும். பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, ஏதோ வேலைக்குப் போய் வந்தவன் கைபோல அதற்குள் அழுக்கு. அதை ஈரத் துணியால் ஒவ்வொரு விரலாக எடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

உச்சந்தலையில் எலும்பு இன்னும் மூடாத இடத்தில் தோல் மேலும் கீழும் துடிக்கும். முதல்முறை பார்த்தபோது, இத்தனை பெரிய விஷயத்தை மூட இத்தனை மெல்லிய தோலா என்று இருந்தது. பிறகு தினமும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கத்தில் அவன் மூச்சு ஐந்து நொடி நிற்கும். என் மூச்சும் நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அவன் வேகவேகமாக நாலு மூச்சு இழுப்பான். கைக்குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். சொல்லி என்ன? ஒவ்வொரு முறையும் நான் செத்துப் பிழைத்தேன்.

விக்கல் வந்தால் உடம்பு முழுவதும் குலுங்கும், முகத்தில் மட்டும் பெரிய யோசனை. வெந்நீரில் இறக்கியதும் அழுகை பட்டென்று நிற்கும், இறுக்கிய கைகள் தாமாகத் திறக்கும், எதையோ நினைவுக்குக் கொண்டுவருகிறவன்போல் கூரையைப் பார்ப்பான். எனக்குச் சாமி பக்தி பெரிதாகக் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குப் போவதோடு சரி. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தொட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, சன்னிதியில் நிற்பதுபோல் எனக்குப் பேச்சு அடங்கிவிடும்.

அரசாங்க கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கே வந்து குழந்தையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவார். பத்தாம் நாள் பார்த்துவிட்டு, மஞ்சள் நன்றாக இறங்கிவிட்டது, இனி இருபதாம் நாள்தான் வருவேன் என்றார். பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வந்தாள்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். சிம்பாங் பூலாய் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தை விற்றபோது ஆள்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. பஸ்ஸும் கிராப் வாடகைக் காருமாக மாறி மாறி ஏறி, வேர்த்து விறுவிறுத்து, மார்போடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பைக்குள் ஒரு பழைய வாயில் சேலை இருந்தது. அக்காவின் மூன்று பிள்ளைகளும் தூங்கிய தொட்டில் சேலை. கடைசிப் பிள்ளைக்கு இப்போது இருபத்தொரு வயது.

"உனக்குத்தான்டா எடுத்து வச்சிருந்தேன்," என்றாள். "உன் கல்யாணத்தன்னிக்கே துவைச்சு மடிச்சு வச்சது. வேற யாரு கேட்டும் குடுக்கல."

பதினான்கு வருஷம். கேள்வி கேட்டு எங்களைக் குடைந்தவர்கள் வரிசையில் அக்காவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் கேட்கவே மாட்டாள். சேலையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். புதுத் துணியில் முதல் பிள்ளையைப் போடக் கூடாது, நன்றாக வளர்ந்த பிள்ளைகள் கிடந்த பழைய சேலையில்தான் போட வேண்டும் என்பது எங்களில் வழக்கம். பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "லேட்டா வந்துட்டு பேச்சப் பாரு," என்றேன்.

"பேசிட்டு நிக்காத. பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள கட்டு லா," என்றாள்.

மணி பதினொன்று நாற்பது. ஸ்பிரிங் தொட்டிலை நான் ஏற்கனவே தயாராக வைத்திருந்தேன். கடையில் கொடுத்த ஸ்பிரிங் எனக்குப் பிடிக்காமல் வேறு வாங்கி, மூன்று கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுச் சோதித்தும் ஆயிற்று. இரும்புக் கம்பியின் கொக்கியில் சேலையை மாட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இருபது நிமிஷத்துக்குள் துவைத்துக் காயப் போட முடியாது. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அக்கா அவனை உள்ளே கிடத்தினாள். வாடி வெளுத்த நீலத் துணி அவனை அப்படியே வாங்கிக்கொண்டது. ஒரு ஆட்டு, இரண்டு ஆட்டு. தூங்கிவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஏதோ கப்பல் புறப்பட்டதைப் பார்ப்பவர்கள்போல் நின்றோம்.

அந்த வாசம் அப்போதே வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பாச்சை உருண்டையாகத் தெரியவில்லை. அது அக்கா வீட்டு வாசம். நான் சின்னப் பையனாக அவள் மடியில் படுத்திருந்தபோது முகர்ந்த அதே வாசம். பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனைக்கு யாரும் பெயர் வைத்துப் பார்ப்பதில்லை. பாச்சை உருண்டை என்றால் எனக்குக் குளியலறை ஓட்டையில் கிடந்தது, கால்வாய் மூடிக்கு அடியில் கிடந்தது. அதையெல்லாம்தான் ஒழித்துவிட்டேனே. மனைவிக்கு முந்தின நாளிலிருந்து சளி, மூக்கு அடைத்திருந்தது. அவளுக்கு எந்த வாசமும் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் நான் அவனைத் தூக்கும்போதெல்லாம் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். முன்பு வெறும் பால் வாசமாக இருந்தது. இப்போது லேசாகக் குளிர்ந்த, மூக்கில் ஏறுகிற ஒரு வாசமும் சேர்ந்திருந்தது. வளர்கிறான் அல்லவா, வாசம் மாறுகிறது என்று நினைத்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறையாவது முகர்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை குழந்தை நன்றாகத் தூங்கினான். செவ்வாய்க்கிழமை இன்னும் நன்றாகத் தூங்கினான். புதன்கிழமை பாலுக்கு எழுப்ப வேண்டியிருந்தது. காதைத் தேய்த்தும் பாதத்தைச் சுண்டியும் எழுப்பினால் நாலு வாய் குடித்துவிட்டுக் கண் சொக்கிவிடுவான். மனைவிக்கு முகம் சரியில்லை.

"அழுகவே மாட்றான்ங்க," என்றாள்.

"என் புள்ள சமத்து. உன்ன மாதிரியா?" என்றேன்.

சத்தத்தை வைத்து மோட்டாரின் நோய் சொல்லும் மகாராஜன் நான். என் மகனின் சத்தம் குறைந்துகொண்டே வருவதைக் கேட்டு, சமத்து என்று பெயர் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை மனைவி கழற்றிய டயப்பரைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டாள். அதில் இருந்தது பழுப்பு. பாலில்லாத டீயைத் தே-ஓ என்போம், அந்த நிறம். "தண்ணி பத்தல, அதான் கலர் ஏறியிருக்கு," என்று ஆரம்பித்தேன். அவள் அவனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இமையை மெல்லத் தூக்கினாள். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. உதடு வெளுத்திருந்தது. அப்போதும் நான், இருபதாம் நாள் மிஸ்ஸி வருவார், கேட்கலாம் என்றேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அது என் குணம்.

"நீங்க வந்தா வாங்க. இல்லாட்டி நான் கிராப் பிடிச்சுப் போறேன்," என்றாள் அவள். பிரசவித்துப் பதினைந்து நாள் ஆனவள் வயிற்றுக் கட்டோடு கதவருகே போய்விட்டாள். நான் கார் சாவியை எடுத்தேன்.

கிளினிக்கில் எங்கள் வழக்கமான மிஸ்ஸிதான் இருந்தார். மலாய்க்காரப் பெண், ஐம்பது வயது இருக்கும். "ஆலோ, சாயாங்," என்று கொஞ்சிக்கொண்டே அவனை வாங்கி, எல்லாரும் செய்வதுபோல் உச்சந்தலையில் முகத்தை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். இன்னொரு முறை முகர்ந்தார். சுற்றியிருந்த துணியை முகர்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்சிக், இது உபாட் கெகாட் வாசனை," என்றார் மலாயில்.

உபாட் கெகாட் என்றால் பாச்சை உருண்டை. பனிப்பெட்டிக் கதவில் நானே ஒட்டி வைத்த தாளில் அந்த இரண்டு சொற்களும் இருந்தன. அந்த நொடியில்தான் எனக்கு அந்த வாசத்தின் பெயர் தெரிந்தது. என்னுடைய வாழ்க்கையில் நான் மிக ஆசையாக முகர்ந்த ஒன்று, நாலு நாளாக என் மகனின் இரத்தத்தை உடைத்துக்கொண்டிருந்தது.

மிஸ்ஸி பிறகு கொஞ்சவில்லை. அவன் துணி எல்லாவற்றையும் கழற்றினார், கிளினிக் துணியில் சுற்றினார், மருத்துவமனைக்கு போன் அடித்தார், எங்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார். பன்னிரண்டு மணிக்குள் அவன் ஈப்போ மருத்துவமனையில் நீல வெளிச்சத்துக்கு அடியில் கிடந்தான். டயப்பர் மட்டும்தான் உடம்பில். கண்களை மூடிக் கட்டியிருந்தார்கள். காலில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். இத்தனை வெளிச்சத்துக்கு நடுவே அவன் அசையாமல் கிடந்தான்.

டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வளைந்து ஏறும் ஒரு கோடு. அதற்கு மேலே இன்னொரு கோடு, அதைத் தாண்டக் கூடாது. என் மகனின் மஞ்சள் அளவு மேல் கோட்டை ஒட்டி ஒரு புள்ளியாக நின்றது. வெளிச்சத்துக்கு அது இறங்க வேண்டும். நாலு மணிக்கு மறுபடி இரத்தம் எடுப்போம். இறங்காவிட்டால் உடம்பிலிருக்கும் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்ற வேண்டும், அதில் ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் மூளைக்கு ஆபத்து, சம்மதக் கையெழுத்தை இப்போதே போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வராந்தாவுக்கு வந்து அக்காவுக்கு போன் செய்தேன். அவள் எடுத்து, "என்னடா, புள்ள எப்படி இருக்கான்?" என்றாள், சிரித்த குரலில்.

"உன் சேலைதான் அக்கா. நீ பாச்ச உருண்ட போட்டு வச்ச சேலைதான் என் புள்ளையக் கொல்லப் பாக்குது!" என்று கத்தினேன். என்ன நடந்தது என்பதையும் அதே மூச்சில் கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

திரும்பினால் மனைவி நின்றிருந்தாள். "அந்தப் பேப்பர யார் கையில குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

என் கையில். ஆன்ட்டி வீட்டுக் கால்வாய்வரை போய்ச் சொன்னவன், சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று சொந்தத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருந்தேன். பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்தும் ஒரு குறையா என்று யாராவது உச்சுக் கொட்டிவிடுவார்களோ என்று பயம். அதுதான் உண்மை. அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சேலையைக் கொண்டுவருவதற்குப் பதில் கொளுத்தியிருப்பாள்.

நாலு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர முக்கால் மணி நேரம். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அது என்னை மலைக்க வைத்த வேடிக்கை. இப்போது அதைத் தவிர எனக்கு வேறு உலகம் இல்லை. டாக்டர் வந்து, புதுப் புள்ளியை வைத்துக் காட்டினார். மேல் கோட்டுக்குக் கீழே. அதிகமில்லை, ஒரு விரற்கடைகூட இல்லை. ஆனால் கீழே. இரத்தம் மாற்றத் தேவையில்லை, வெளிச்சத்தைத் தொடர்வோம் என்றார். அப்போது அழுதேன். பிறந்த அன்று வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. டாக்டர் பாவம், டிஷ்யூப் பெட்டியை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அக்காவுக்கு மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் பெரிய மகனுக்கு அடித்தேன். "அம்மா ரெண்டு மணிக்கே அங்க வந்திருச்சே மாமா," என்றான்.

கீழே போய்த் தேடினேன். மருந்து வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் அக்காவைச் சேலையிலும் கைலியிலும் பூப்போட்ட கவுனிலும் பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு கறுப்பு டிராக் பேன்ட், நெஞ்சில் பெரிய மஞ்சள் வாத்துப் படம் போட்ட டி-சட்டை. ஐம்பத்தாறு வயதுக்காரி. காலரில் விலை அட்டைகூடத் தொங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் இறங்கி வாங்கி, அங்கேயே கழிப்பறையில் மாற்றிக்கொண்டு, கட்டி வந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் வீட்டில் இருக்கும் எல்லாத் துணியும் அதே அலமாரித் துணிதான். அள்ளி முடிந்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. மூன்று முறை குளித்தாளாம்.

நான் கிட்டே போனதும் எழுந்து இரண்டு அடி பின்னால் போனாள். "கிட்ட வராதடா. நீ திருப்பி மேல போவணும்," என்றாள்.

"கொறஞ்சிருச்சு அக்கா. ரத்தம் மாத்த வேண்டாம்னுட்டாங்க," என்றேன். அவள் தலையாட்டினாள். "அந்தப் பேப்பர் என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் உன்கிட்ட சொல்லல. தப்பு என்னோடது. நான் பேசுனது..."

"புள்ள பால் குடிச்சானா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"அப்ப மேல போ. இங்க என்ன கத பேசிட்டு நிக்கிற?"

மூன்று நாள் அவன் வெளிச்சத்தில் இருந்தான். மூன்று நாளும் அக்கா அந்த நாற்காலி வரிசைக்கு வந்தாள், அதே வாத்துச் சட்டையில். இரவில் துவைத்து உலர்த்திக் காலையில் போட்டுக்கொள்வாள். எங்களுக்குச் சோறு கொண்டுவந்து காவலாளியிடம் கொடுத்தனுப்புவாள். மேலே வா என்றால் வர மாட்டாள். வெள்ளிக்கிழமை அவன் பத்து மில்லி குடித்தான். சனிக்கிழமை முப்பது. ஒவ்வொரு முறையும் நான் மாடிப்படி இறங்கிப் போய் அவளிடம் சொன்னேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால்தான் அவள் அந்த அளவைத் தன் விரலால் காற்றில் அளந்து பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பைகளோடு பின்னால். அக்கா எங்களைப் பார்த்து எழுந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கோயிலில் தொடக் கூடாத ஒன்றின் முன்னால் பிள்ளைகளை அப்படி நிற்கச் சொல்வார்கள்.

"நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்மா," என்றாள் மனைவியிடம். "காரு வரைக்கும் கூட வாரேன். அது போதும்."

மனைவி நேராகப் போய் அக்காவின் நெஞ்சில், அந்த வாத்தின் மேல், அவனைச் சாய்த்துவிட்டுத் தன் கையை எடுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அக்காவின் கைகள் முன்னால் வந்து அவனைத் தாங்கின. அவன் கண்ணைத் திறந்தான். வெள்ளை, வெள்ளையாக இருந்தது. கருவிழி அக்காவின் முகத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே நின்றது. அவள் முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, உதட்டை இறுக்க மூடி, ஆடாமல் அசையாமல் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். தன் மூச்சுக்காற்றுகூடப் பிள்ளைமேல் படக் கூடாது என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடுங்க அண்ணி," என்றாள் மனைவி, அவள் முதுகைத் தடவியபடி. "ஒண்ணும் ஆவாது. விடுங்க."